ஸ்டூல் தூக்கி வந்த தம்பிக்கு

கொங்கண் ரயில்வே ஊழியர்களுக்கும், கொட்டும் மழையில் எங்கள் ரயிலைத் தேடி வந்த ஊர்மக்களுக்கும் வணக்கம்.

வீடு வந்து மூன்று நாளாகிறது. அம்மாவின் சேலைக் கரையில் ஏறிய செம்மண் கறை இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. "கிடக்கட்டும்" என்று சொல்லி அப்படியே மடித்து வைத்துவிட்டார். கறை படிந்த துணியை மடித்து வைக்கிற ஆள் இல்லை எங்கள் அம்மா.

மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால், மும்பையிலிருந்து நாங்கள் வந்த தாதர்–திருநெல்வேலி ரயில் ஒரு சிறிய நிலையத்தில் நின்றுபோனது உங்களில் பலருக்கும் தெரியும். மழையையும் மண்சரிவையும் மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அது போதும். இந்த மடலைத் தமிழில்தான் எழுத வருகிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த அக்காள் மகள் மராத்தியில் மாற்றி, அந்த நிலையத்துக்கு அனுப்பிவைப்பாள்.

அந்த நிலையம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில் மிகச் சிறியது. எங்கள் ரயில் அங்கே நிற்பதே இல்லை. அன்று நிறுத்தியபோது நடைமேடை எங்கள் பெட்டிக்கு எட்டவில்லை. கதவைத் திறந்தால் கீழே ஜல்லி. கடைசிப் படிக்கும் ஜல்லிக்கும் நடுவே இடுப்பளவு பள்ளம். எனக்கே குதித்துத்தான் இறங்க வேண்டும். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வலி, போதாததற்குச் சர்க்கரை.

பெட்டியின் கழிப்பறையில் தண்ணீர் தீர்ந்த பிறகு அம்மா எதையும் குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் நீட்டிய தேநீரைக்கூட "வேண்டாம், பழக்கமில்லை" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நான்கு முறை தேநீர் குடிக்கிறவர்! நான் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கவனித்தவர் அந்த நிலையத்தின் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுவது, கொடி காட்டுவது போன்ற வேலை பார்க்கிற ஊழியர். கையில் விளக்கோடு ரயிலின் நீளத்துக்கும் நடந்துகொண்டிருந்தவர், திருப்பி அனுப்பப்பட்ட தேநீரைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். சற்று நேரத்தில் தலையில் கோணியும் தோளில் ஒரு மர ஸ்டூலுமாகத் திரும்பி வந்தார். அவர் அறையில் உட்காருகிற ஸ்டூல் அது. படிக்குக் கீழே வைத்து அழுத்திப் பார்த்தார், ஆடியது. குனிந்து ஒரு செம்புரைக்கல் சில்லைத் தேடி எடுத்து, ஒரு காலுக்கு அடியில் கொடுத்தார். மறுபடி அழுத்தினார். பிறகு கழுத்துத் துண்டை உருவி, பலகையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, "ஆஜி, யா" என்றார். பாட்டி, வாருங்கள்.

எங்கே, எதற்கு என்று ஒரு சொல் இல்லை. நிலையத்துக்குப் பின்னால் ஊழியர்களுக்கான கழிப்பறை வரை விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி முன்னால் நடந்தார். அங்கே போனதும் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, இருபது அடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது.

இப்படி ஐந்து முறை. அடுத்தடுத்த முறைகளில் அம்மா கேட்கவே இல்லை. கதவோரம் வந்து நிற்பார், ஸ்டூல் வந்துவிடும். மூன்றாவது முறை திரும்பி ஏறியதும் அம்மா தானாகவே தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "நீ சாப்பிட்டாயா தம்பி?" என்று தமிழில் கேட்டார். அவரும் ஏதோ மராத்தியில் சொன்னார். இருவருக்கும் புரிந்ததுபோலத்தான் தெரிந்தது.

மற்ற எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: நிலைய அதிகாரிக்கு, டிக்கெட் பரிசோதகருக்கு, மாத்திரை நேரம் தவறாமல் வந்து பார்த்த மலையாளச் செவிலியருக்கு, அவல் உப்புமாவைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த பெண்களுக்கு, கைப்பேசிக்கு மின்சாரம் கொடுத்த கடைக்காரருக்கு, எங்கள் பெட்டியில் சீட்டாடிச் சண்டை போட்டு எல்லாரையும் சிரிக்க வைத்த நான்கு இளைஞர்களுக்கு.

உப்புமா கொண்டுவந்தவர்களோடு வந்த ஒரு பெரியவரிடம் அக்காள் மகளைத் தொலைபேசியில் பேசவைத்தேன். இந்தத் தண்டவாளம் ஓடுகிற இடத்தில் அவர் அப்பாவின் முந்திரித் தோப்பு இருந்ததாம். மும்பைக்குத் தெற்கே ரோஹாவிலிருந்து மங்களூர்ப் பக்கம் தோக்கூர் வரை 741 கிலோமீட்டருக்கும் இப்படிச் சுமார் 42,000 பேர் நிலம் கொடுத்திருக்கிறார்கள். 1990இல் கொங்கண் ரயில்வே நிறுவனம் தொடங்கி, 1998 ஜனவரி 26 அன்று முழுப் பாதையும் திறந்தது. தோப்புப் போனதில் வருத்தமில்லையா என்று கேட்கச் சொன்னேன். வருத்தம்தான், ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு மும்பையிலிருந்து பிள்ளைகள் இதில்தானே வருகிறார்கள் என்றாராம். நின்ற ரயிலுக்குச் சோறு கொண்டுவந்ததை அவர் உதவி என்றே நினைக்கவில்லை. தோப்பு நிலத்தில் நிற்கிற விருந்தாளிகள் நாங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்கால அட்டவணை வந்துவிட்டால் இந்த ரயில் மாட்டுவண்டி என்று அக்காளிடம் பல முறை முனகியிருக்கிறேன். கனமழையில் பாதை சரியாகத் தெரியாதபோது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த இரவில் மழைக்கோட்டும் விளக்குமாகத் தண்டவாளத்தோடு நடந்து போன ரோந்துக்காரர்களைப் பார்த்தேன். மலை வெட்டுகளில் ஒரு கல் உருண்டிருந்தாலும் ரயிலுக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். இனி அந்த முனகல் என் வாயில் வராது. இந்தப் பாதை போட்டபோது உயிர்விட்ட தொழிலாளர்களுக்கு ரத்னகிரி நிலையத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. எத்தனையோ முறை அதைக் கடந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அடுத்த முறை இறங்கிப் பார்ப்பேன்.

பாயிண்ட்ஸ்மேன் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறோம். அவரிடம் கேட்காமல் இங்கே எழுதுவது முறையல்ல. பாதை சரியானதும் ரயில் மெல்ல நகர்ந்தபோது அவர் நடைமேடை முனையில் நின்றார். வலது கையில் பச்சைக் கொடி. ஸ்டூலை உள்ளே வைத்துவிட்டு வர நேரமில்லைபோல, இடது கக்கத்தில் அது அப்படியே இருந்தது. அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். அவர் கொடியை இறக்காமல் தலையை மட்டும் அசைத்தார். வேலை நேரம் அல்லவா.

தைப்பொங்கல் கழிந்து அம்மாவை மறுபடி தாராவிக்கு அழைத்துப் போக வேண்டும். அந்த நிலையத்தை ரயில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று நேற்றே கேட்டுவிட்டார். எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, அந்த நேரத்தில் தன்னை எழுப்பிவிட வேண்டுமாம். கூடவே, கையசைக்க வசதியாக நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்றும் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.