ஜவ்வாது மலையில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மே மாதம் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் நடந்த மூன்று நாள் காட்டு முகாம் நல்லபடியாக முடிந்தது. 26 பிள்ளைகளும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு வந்த களைப்பில் உங்களில் பலரிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வேன் ஓட்டுநர் அண்ணனுக்கு. கிளம்புவதற்கு முந்தின இரவு, பேசி வைத்திருந்த வண்டி வராது என்று தகவல் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் பை கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தோம். ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "காலைல எத்தனை மணிக்கு?" டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, மூன்று நாளும் எங்களோடு தங்கி, தண்ணீர்க் குடமும் சுமந்தீர்கள்.

அடுத்து, தன் நிலத்தைக் கொடுத்த, இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவருக்கு. சாமை விதைப்பதற்காக உழுது போட்டிருந்த கொல்லை அது. அதன் ஓரத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளச் சொன்னீர்கள். பெயரைப் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை எழுதாமல் இருக்க முடியாது, தாத்தா.

இரண்டாம் நாள் காலையில் கொல்லை ஓரத்தில் இடிந்து கிடந்த ஒரு கரையான் புற்றின் முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள். கரடி தோண்டியது என்று உடனே சொல்லிவிடாமல், "யார் வந்திருப்பாங்க, எப்போ வந்திருப்பாங்க, பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். நகம் கீறிய தடத்தை ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். பக்கத்தில் கிடந்த சாணத்தைக் குச்சியால் கிளறி, கொன்றை விதையை இன்னொருவன் எடுத்துக் காட்டினான். எப்போது வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இடிந்த இடத்தில் கரையான் புதிதாகப் பூசியிருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். மண் காய்ந்திருந்தது. "இன்னைக்குப் பூசினதுன்னா ஈரம் இருக்கும். அது வந்து ரெண்டு நாளாச்சு." அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிறார்கள். வீட்டில் பெற்றோர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வனத்துறை ஊழியர்களுக்கும் நன்றி. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, அதுவும் கோடையில் ஒரு பொறிகூடப் போகக் கூடாது என்று முதல் நாளே வந்து சொன்னீர்கள். சொல்லிவிட்டுப் போகாமல், உழுத மண்ணில் கல் வட்டம் கட்டி, இரண்டு குடம் தண்ணீரையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் நகர்ந்தீர்கள்.

அந்தக் கல் வட்டத்துக்குள்தான் சக்கிமுக்கிக் கல் பாடம் நடந்தது. ஒரு கல், ஓர் இரும்புத் துண்டு, கருக்கிய இலவம்பஞ்சு, இவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முக்கால் மணி நேரம் விடாமல் தட்டினாள். கட்டை விரல் தோல் உரிந்தது. பொறி வரும், பஞ்சில் விழாது. பஞ்சில் விழும், அணைந்துவிடும். வாங்கித் தட்டிக் கொடுக்க எங்கள் கை பரபரத்தது. தாத்தாவின் பேத்திதான் எங்களைத் தடுத்தார். கடைசியில் பஞ்சின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு ஊர்ந்தது. காய்ந்த புல்லுக்குள் அதைப் பொதிந்து, கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி, அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். புகை வந்து, புல் பற்றியபோது யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சாமைச் சோறு வெந்தது அந்த நெருப்பில்தான்.

சோறு என்றதும் சொல்ல வேண்டும்: சமைத்துப் போட்ட அக்காமார் மூவருக்கும், பலாப்பழம் அறுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்கள் நன்றி.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பேருந்து மாறி மாறி வந்த இருளர் அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் காட்டி, எது எங்கே ஒளியும் என்று சொன்னீர்கள். கடித்தால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, ஓடக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பையன் கேட்டான். 1978-இல் இருளர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தையும், வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் திரும்பக் காட்டில் விடுவதையும் நீங்கள் சொன்னபோது, பிள்ளைகள் உங்களைப் பார்த்த பார்வையே மாறியது. இதை எங்கள் பாடப் புத்தகத்தில் நாங்கள் இவ்வளவு காலம் தேடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தோம். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரை ஒட்டி அருந்ததி தெரிகிறதா என்று ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கும் தெரிந்தது. இதே மலையில்தான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது என்று சொன்னதும், எழுந்து உட்கார்ந்து திசை கேட்டார்கள்.

வீட்டை நினைத்து முதல் இரவு அழுத சின்னவனைத் தன் மடியில் தூங்க வைத்த பாட்டிக்கு: அவன் இப்போது தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறான். அரை மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்ற பயிற்சியில், செம்போத்து ஒன்று ஓணானைக் கவ்விக்கொண்டு நடந்தே போனதை அவன் மட்டும்தான் பார்த்தான். "பறக்கல பாட்டி, நடந்துச்சு" என்று உங்களிடம் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டோம்.

அப்புறம், உங்கள் வீட்டு அலுமினிய அண்டா எங்கள் சாமான்களோடு கலந்து ஊருக்கே வந்துவிட்டது. தேய்த்து வைத்திருக்கிறோம். சாமை விதைப்புக்கு முன் கொண்டு வந்து தருகிறோம்; விதைக்கிற அன்றைக்குக் கூட இருக்க ஐந்தாறு பிள்ளைகளும் வருவார்கள்.

அன்புடன்,
முகாம் ஆசிரியர்கள், பெற்றோர்கள் சார்பில்