தூங்கும் நேரமும் கணக்குதான்

ஆசிரியருக்கு,

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருபவரிடம் "மாதம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றுதான் தொடங்குகிறோம். எத்தனை மணி நேரம், சமையலும் துணி துவைப்பதும் சேர்த்தியா என்பதெல்லாம் பிறகுதான். நானும் பேரம் பேசியவள்தான். குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன் (வெட்கமாகத்தான் இருக்கிறது). ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். தொட்டில் கயிற்றை விடாமல் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

கூப்பிட்டால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருதச் சொல்கிறது, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளர்களுக்காக ஏற்ற 189ஆம் உடன்படிக்கை. வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வும் கேட்கிறது. இந்த மாதம் அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தே கொடுத்தேன். பழைய பாக்கி இன்னும் இருக்கிறது.

– வாசகி ஒருவர்