முட்டி விஷயமா அப்பா எழுதுறேன்

கண்ணு,

நேத்து போன்ல நீ "ஏசிஎல் முழுசா கிழிஞ்சிடுச்சுப்பா, அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணிட்டா அஞ்சு மாசத்துல கிரவுண்டுக்கு வந்துடுவேன்"னு சொன்னப்ப எனக்கு பேச்சே வரல, அதான் ஏதோ உளறிட்டு அம்மாகிட்ட போனை குடுத்துட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல, உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

ஏசிஎல்ங்கிறது முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேத்துப் பிடிச்சிருக்கிற நாரு, லிகமென்ட்னு சொல்லுவாங்க. கிழிஞ்சதை அப்படியே சேத்து தைச்சா பெரும்பாலும் நிக்காது. முட்டிக்குள்ள இருக்கிற திரவம் ரத்தத்தை உறைய விடாது, உறைஞ்சாத்தானே ரெண்டு முனையும் ஒட்டும். அதனால வேற இடத்துலேருந்து ஒரு நாரை எடுத்து, தொடை எலும்புலயும் கீழ்க்கால் எலும்புலயும் துளை போட்டு, அதுக்குள்ள கோத்து ஸ்க்ரூவோ பட்டனோ வச்சு இறுக்குவாங்க. எங்கேருந்து எடுக்கிறதுங்கிறதுலதான் டாக்டருங்களுக்குள்ளயே சண்டை.

உங்கப்பனுக்கு ரெண்டு விதமும் ஆச்சு, ஒரே முட்டியில. முதல் தடவை தொடைக்குப் பின்னாடி இருக்கிற ஹாம்ஸ்ட்ரிங், ரெண்டு நாரை எடுத்து நாலா மடிச்சு வச்சாங்க. வெட்டு சின்னது, வலியும் கம்மி, ஆனா குப்புற படுத்து குதிகாலை மடக்கினா கடைசி கொஞ்சத்துக்கு இன்னிக்கும் பலம் வரல. ரெண்டாவது தடவை முட்டிச்சில்லுக்கு கீழ இருக்கிற நாருல நடுப்பகுதி மட்டும், ரெண்டு முனையிலயும் எலும்புத் துண்டோட. எலும்பு எலும்போட ஒட்டுறதால துளைக்குள்ள சீக்கிரம் பிடிச்சுக்கும், அதான் விளையாடுறவங்களுக்கு நிறைய டாக்டர் இதை சொல்றாங்க. ஆனா கட்டிலுக்கு அடியில உருண்டு போன பேனாவை எடுக்க நான் தலகாணி போட்டு மண்டி போடுறதைப் பாத்து நீ சிரிப்பியே, அது இதனாலதான். தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்ச இடம் மரத்தே கிடக்கு, சோப்பு போட்டா வேற யாரோ காலை தேய்க்கிற மாதிரி இருக்கும்.

தொடைக்கு முன்னாடி இருக்கிற குவாட் நாரையும் இப்ப எடுக்கிறாங்க. இறந்தவங்ககிட்டேருந்து எடுத்த நாரு மட்டும் உன் வயசுக்கு வேண்டாம், இளவயசு விளையாட்டுக்காரங்களுக்கு அது ரொம்ப அதிகமா கிழியுது. ஹாம்ஸ்ட்ரிங்தான்னு முடிவானா, முட்டிக்கு வெளிப்பக்கமா ஒரு பட்டையை கூடுதலா இழுத்துக் கட்டுறதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளு. 2020ல வந்த ஸ்டெபிலிட்டி ஆய்வுல 14லேருந்து 25 வயசுக்காரங்களை ரெண்டு வருஷம் கவனிச்சாங்க, ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வச்சவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு கிழிஞ்சிருக்கு, இதையும் சேத்து பண்ணவங்கள்ல 4தான்.

இப்ப முக்கியமானதுக்கு வரேன், உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாததும்கூட. எனக்கு முதல் ஆபரேஷன்ல தப்பு எதுவும் இல்ல. நான்தான் சரியா அஞ்சாவது மாசம் வாலிபால் ஆடப் போனேன். வலி இல்ல, வீக்கம் இல்ல, ஓடவும் முடிஞ்சுது, இன்னும் என்னன்னு ஃபிசியோகிட்ட கூட சொல்லாம போயி, ஒரு ஸ்மாஷுக்கு குதிச்சு கீழ வந்தேன், முதல் தடவை கிழிஞ்சப்ப கேட்ட அதே 'டப்' சத்தம். வச்ச நாருக்கு ஆரம்பத்துல ரத்த ஓட்டமே கிடையாது, அதுக்குள்ள புது ரத்தநாளம் வளந்து உண்மையான லிகமென்ட் மாதிரி மாறுறதுக்கு முன்னாடி அது இன்னும் பலவீனமாகும், அந்த நேரத்துலதான் நமக்கு காலு சரியாயிட்ட மாதிரி தோணும், பாழாப்போன காலு நல்லா ஏமாத்தும். 2016ல வந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வு சொல்லுது, 9 மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட தள்ளிப்போட மறுபடி அடிபடுறது ஏறக்குறைய பாதியா குறையுதாம். 9 மாசம் ஆனாலும் ரெண்டு தொடையையும் டெஸ்ட் பண்ணி, அடிபட்ட பக்கம் மத்ததுல 90 சதவீதமாவது பலம் வந்திருக்கணும்.

அடுத்த வாரமேங்கிறதுலயும் எனக்கு உடன்பாடு இல்ல. வீக்கம் வத்தி காலு முழுசா நீள்றதுக்கு முன்னாடி உள்ள போனா முட்டி இறுகிப் போயிடலாம், அப்புறம் நீட்டவே படாத பாடு படணும். ஸ்வீடன்ல 121 பேரை வச்சு பண்ண ஆய்வுல, முதல்ல எக்சர்சைஸ் பண்ணுங்க தேவைன்னா அப்புறம் ஆபரேஷன்னு விட்டவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அஞ்சு வருஷம் ஆகியும் ஆபரேஷன் நடக்கல. நீ ஃபுட்பால் ஆடுறவ, வெட்டித் திரும்பணும், உனக்கு பண்ண வேண்டித்தான் வரும்னு நினைக்கிறேன், ஆனா ஒரு மாசம் தள்ளினா ஒண்ணும் குடி முழுகிடாது.

இன்னிக்கு ராத்திரி படுக்குறப்ப ஒரு டவலை சுருட்டி குதிகாலுக்கு அடியில வச்சு, தொடையை இறுக்கி முட்டியை கீழ அமுக்கிப் பாரு. அடிபட்ட காலும் மத்தது மாதிரி முழுசா நீளுதான்னு பாக்கணும், பக்கவாட்டுல ரெண்டு காலையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அப்பா