கன்ட்ரோலரை மாற்றும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் ஏர்கோன், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை இயக்கும் கன்ட்ரோலர் 'ஆஃப்லைன்' என்று காட்டினாலே புதியது வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். செலவாவது குடியிருப்பாளர்களின் பராமரிப்புக் கட்டணம். மடிக்கணினியை அதே நெட்வொர்க்கில் இணைத்து, கட்டளைத் திரையில் (விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்) சிலவற்றைச் சோதித்தாலே பல சிக்கல்கள் தீரும்.

முதலில் 'பிங்' (ping): கருவி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை. பதில் வந்து வந்து நின்றால், இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருக்கலாம். 'ஏஆர்பி -ஏ' (arp -a) கட்டளை காட்டும் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமையோடு 'ஏஆர்பி -டி' (arp -d) போட்டு அதை அழித்துவிட்டு மறுபடி பிங் செய்யுங்கள். முகவரி மாறினால் சந்தேகம் சரிதான். பதிலே வராவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். சில கருவிகள் பிங்குக்குப் பதில் தராது. பட்டியலில் மேக் முகவரி வந்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது.

பிங் கிடைத்தும் தரவு வரவில்லையா? கன்ட்ரோலர் தரவு அனுப்பும் நெறிமுறை மோட்பஸ் டிசிபி என்றால், 502ஆம் போர்ட் (தரவு நுழையும் வாயில் எண்) திறந்திருக்கிறதா என்று டெல்நெட் கட்டளையால் தட்டிப் பார்க்கலாம். பேக்நெட் என்ற இன்னொரு நெறிமுறைக்கு டெல்நெட் உதவாது; டெல்நெட் டிசிபி இணைப்பை மட்டுமே சோதிக்கும், பேக்நெட்டோ வழக்கமாக யுடிபி என்ற வேறு முறையில் 47808ஆம் போர்ட்டில் பேசுகிறது. கண்காணிப்புக் கணினியில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' (netstat -ano) போட்டால், வேறொரு மென்பொருள் அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறதா என்பது தெரியும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்னொன்று: கருவிகளைத் தேடும் பேக்நெட் அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. புது ரவுட்டர் வைத்த பிறகு ஒரு மாடி முழுவதும் காணாமல் போனால், அந்த அழைப்பை ரவுட்டருக்கு அப்பால் கடத்திவிடும் பிபிஎம்டி (BBMD) அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

விலைப்பட்டியலோடு இந்தச் சோதனைகளின் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) இணைக்கும்படி நிர்வாகக் குழுக்கள் ஒப்பந்தக்காரர்களைக் கேட்க வேண்டும்.

கட்டடப் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்