குப்பை எடுக்க ஆள் காணாதா, பெட்டி காணாதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பட்ஜெட் காலம் வந்தாக் காணும், எங்கட பக்கத்துச் சபையளில ஒரே பாட்டுத்தான், ஆளணி காணாது வாகனம் காணாது அதாலதான் குப்பை ஒழுங்கா எடுக்கேலாமக் கிடக்கு எண்டு. எந்தச் சபை எண்டு நான் சொல்லேல்ல, பேர் மாறினாலும் கதை மாறாது. அவை சொல்லுறது முழுப் பொய்யுமில்ல. ஆனா இருக்கிற ஆளையும் இருக்கிற ரக்டரையும் எப்பிடிப் பாவிக்கினம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல, அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

சம்பளத்தை எடுப்பம். 2025 பட்ஜெட்டில அரசாங்க வேலையின்ர ஆகக்குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயில இருந்து 40,000 ஆக் கூட்டினவை. வெறுங்கையால ஊர்க்குப்பை கிளறுற ஆக்களுக்கு அது கூடிப்போச்செண்டு சொல்ல எனக்கு வாய் வராது. நிரந்தர ஆளணியைச் சபை நினைச்ச மாதிரிக் கூட்டவும் ஏலாது, கொழும்பில முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஓமெண்ட வேணும். அப்ப சம்பளக் கணக்கில வெட்டிக்கொத்த ஒண்டுமில்ல.

வாகனம்தான் மற்றக் கதை. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டி 2025 தொடக்கத்திலதான் திரும்ப விட்டவை, அவ்வளவு காலமும் பழசுகளுக்கு வெல்டிங் அடிச்சு ரயர் மாத்தித்தான் ஓடினது. அதுக்குள்ள 2022 தொடக்கத்தில லீற்றர் 121 ரூபா வித்த டீசல் ஜூன் கடைசியில 460 ஆச்சு. பேந்து இறங்கினது உண்மை, பழைய விலைக்கு எங்க திரும்பினது?

இப்ப எங்கட ஒழுங்கையில நடக்கிறதைக் கேளுங்கோ. ரக்டர் முடக்கில நிண்டு உறுமிக்கொண்டே நிக்கும், எஞ்சினை நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் வருமோ எண்டு ட்ரைவருக்குப் பயம். பின்னால வாற தொழிலாளி வீட்டுப்படலையில கிடக்கிற உரப்பையைத் தூக்க அடி பிஞ்சு கறித்தண்ணி காலில ஊத்துது, உள்ளுக்க பலாச்சக்கை, வாழையிலை, பம்பர்ஸ், உடைஞ்ச போத்தில் எல்லாம் ஒண்டாக் கிடக்கு. அதை அவர் கையாலதான் உதறவேணும். ரக்டருக்குப் பின்னால கொழுவின பெட்டி நிரம்பினவுடன வலையைப் போட்டிட்டு ட்ரைவரோட எல்லாரும் ஏறிப் போவினம், ஊருக்கு வெளியால போய்க் கொட்டிப்போட்டு வாறதுக்கிடையில வெயில் ஏறிடும், மிச்ச ஒழுங்கையள் அண்டைக்கு அவ்வளவுதான்.

குப்பை கொட்டப் போறதுக்கு ட்ரைவரோட ஒராள் போனாக் காணாதோ? மற்றாக்கள் வழியெல்லாம் பெட்டிக்கு மேல இருந்து போறது அவையின்ர பிழையில்ல, நிக்கிற இடத்தில இன்னொரு பெட்டி இல்லை, அதுதான் பிழை. பெட்டிக்கு எஞ்சினுமில்ல டீசலுமில்ல. ஒரு ரக்டருக்கு ரெண்டு பெட்டி குடுத்தா, நிரம்பினதைக் கொழுவிக்கொண்டு ரக்டர் போக வெறும்பெட்டி சந்தியில நிக்கும், ஆக்கள் தள்ளுவண்டியால எடுத்து அதை நிரப்பிக்கொண்டிருப்பினம். இதுக்கு வெளிநாட்டு நிபுணர் வரத்தேவையில்ல, நெல்லு ஏத்துற ஆக்களைக் கேட்டாலே சொல்லுவினம். ஆனா பெட்டி வாங்கினாப் பத்திரிகையில படம் வராது, கொம்பாக்டர் எண்ட குப்பை நெரிக்கிற லொறி வாங்கினாத்தான் மாலை போட்டுத் திறப்புவிழா வைக்கலாம் (கோவிக்காதேங்கோ, படம் போடுறது உங்கட பேப்பரும்தான்). அந்தப் பெரிய லொறி எங்கட ஒழுங்கையளுக்குள்ள திரும்பவும் மாட்டுது, ஈரக்குப்பையை நெரிச்சா அந்தத் தண்ணி றோட்டெல்லாம் ஒழுகிக்கொண்டு போகும், ஹைட்ரோலிக் பழுதெண்டா மாதக்கணக்கில யாட்டில கிடக்கும்.

சனத்திலயும் பிழை இருக்கு. எங்கட குப்பையில பாதிக்கு மேல உக்கிற சாமான், அதில கனக்கத் தண்ணி. வளவும் நாலு தென்னையும் வைச்சிருக்கிற வீட்டுக்காரர் தென்னையடியில புதைக்கவேண்டியதைப் பையில கட்டி வெளியில வைக்க, சபை டீசல் எரிச்சுத் தண்ணி காவுது. குருநகர், நாவாந்துறைப் பக்கம் நெருக்கமா இருக்கிற சனத்தை அப்பிடிச் செய்யச் சொல்லேலாது, அவைக்கு ஒவ்வொரு நாளும் வண்டி போகத்தான் வேணும். வளவுக்காரர் குறைச்சா அந்த ஓட்டம் அங்க போகும். கலியாண மண்டபம், சாப்பாட்டுக்கடையளிட்ட நிறைக்கணக்கில காசு அறவிடவேணும், அதில ரெண்டாங்கதையே இல்ல.

எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுற இடமும் முடிவில்லாததில்ல. 2017 ஏப்ரல் 14, புதுவருசத்தண்டு, கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிஞ்சு முப்பதுக்கு மேல சனம் செத்தது. இங்க எங்கட குப்பை கொட்டுற கல்லுண்டாயில நெருப்புப் பிடிச்சாப் புகை எவ்வளவு தூரம் வருமெண்டு அந்தப் பக்கத்தாக்களைக் கேளுங்கோ.

சபை வாகனம் ஒவ்வொண்டுக்கும் ரன்னிங் சாட் இருக்கு, எத்தினை கிலோமீற்றர், எவ்வளவு டீசல் எண்டு அதில எழுதித்தான் ஆகவேணும். அதோட திருத்தச் செலவையும் எத்தினை பெட்டி கொட்டினது எண்டதையும் மாதாமாதம் சபை வாசலில ஒட்டினா, ஒரு பெட்டி குப்பைக்கு எவ்வளவு முடியுதெண்டு நாங்களே கணக்குப் பாப்பம், புது லொறி வேணுமோ வேண்டாமோ எண்டது பேந்து பாக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலயே வந்திட்டுது, அதில ரன்னிங் சாட் கொப்பி கேட்டு விண்ணப்பம் குடுத்திருக்கிறன். பதில் வந்தா உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புறன், போடுவியளோ?

இப்படிக்கு,
சோலைவரி கட்டுற ஒராள்,
யாழ்ப்பாணம்.