ஜாம்பியாவின் சுரங்கத் துறைக்கு ஒரு திறந்த மடல்: கருவி காட்டுவதை ஆற்றோர ஊர்களுக்கும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய சுரங்க அமைச்சகத்தாருக்கும், கிட்வேயிலிருந்து இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் துறையினருக்கும் வணக்கம்.

2025 பிப்ரவரி 18 அன்று சாம்பிஷியில் சினோ-மெட்டல்ஸ் என்ற சீன நிறுவனம் செம்புக் கழிவைத் தேக்கிவைத்திருந்த அணை உடைந்தது. அமிலக் குழம்பு ம்வாம்பாஷி ஓடையில் இறங்கி, அங்கிருந்து கஃபூவே ஆற்றில் கலந்தது. சுமார் 7 லட்சம் பேர் வாழும் கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட மீன்கள் செத்து மிதந்தன. அமிலத்தை முறிக்க விமானப்படை ஆற்றின் மேல் சுண்ணாம்பு தூவியது. உங்கள் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் நம்பியிருக்கும் ஆறு அது.

வெளியேறிய குழம்பு எவ்வளவு என்பதே பெரிய தகராறு ஆனது. முதலில் சொல்லப்பட்டது 5 கோடி லிட்டர். பிறகு மதிப்பிட வந்த நிறுவனம் 15 லட்சம் டன் என்றது. இரண்டுக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! அணைக்குள் என்ன இருந்தது, தண்ணீர் மட்டம் எங்கே நின்றது என்ற பதிவு எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. நான் கேட்க வந்ததும் இதுதான். கழிவு அணைகளில் எடுக்கும் அளவுகளை, அந்த அணைக்குக் கீழே வசிப்பவர்களுக்கும் உடனுக்குடன் கிடைக்கும்படி செய்யுங்கள்.

அணைகளிலும் கழிவு மேடுகளிலும் அளவு எடுப்பது என் தொழில். அதனால் இதை விவரமாகவே சொல்கிறேன். நூறு கிலோ செம்புப் பாறையில் ஓரிரு கிலோதான் செம்பு. மிச்சமெல்லாம் மாவாக அரைபட்டு, தண்ணீரோடு குழம்பாகி அணைக்குப் போகிறது. பல இடங்களில் காய்ந்த குழம்பின் மேலேயே அடுத்த கரையை எழுப்புகிறார்கள். கரைக்குள் தண்ணீர் மட்டம் ஏறினால் துகள்களுக்கு இடையே உள்ள பிடிமானம் போய்விடும். அதன் பிறகு மண் மண்ணாக நிற்காது, ஓடும். இதைக் கவனிக்கக் கரையில் துளை போட்டு, பீஸோமீட்டர் என்ற குழாயை இறக்குவோம். சென்சார் கட்டிய டேப்பை அதற்குள் விட்டால், தண்ணீரைத் தொட்டதும் ‘பீப்’ என்று ஒலிக்கும். கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பதைப் போன்ற வேலைதான். இன்றைக்குத் தானாகவே மணிக்கு ஒரு முறை அளந்து ரேடியோ வழியாக அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. அரிதான பொருளும் அல்ல.

ஆனால் அந்த எண் எங்கே போய்ச் சேருகிறது? சுரங்க அலுவலகத்தின் கணினிக்கு. அங்கிருந்து, காலம் கடந்து, ஓர் அறிக்கையாக உங்களுக்கு. ஆற்றுத் தண்ணீரில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டிருக்கும் விவசாயிக்கு அது வருவதே இல்லை.

பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த அணை நிலையாக இருக்கிறது என்று நான்கு மாதம் முன்புதான் சான்று கொடுத்திருந்தார்கள். கரைக்குள் கருவிகள் இருந்தன. எதிரே கேமரா இருந்தது, அணை சரிந்ததை அது பதிவும் செய்தது. சைரனும் இருந்தது, ஆனால் ஒலிக்கவில்லை. சேற்றின் வேகத்தில் சைரனே மூழ்கிவிட்டது என்று நிறுவனம் சொன்னது. அணைக்கு நேர் கீழே தொழிலாளர்களின் சாப்பாட்டுக் கூடம். மதிய உணவு நேரம். 270 பேர் இறந்தார்கள். தொழில்நுட்பம் இல்லாமல் நடந்த விபத்து அல்ல அது. இருந்த தொழில்நுட்பம் எதுவும் கீழே இருந்தவர்களுக்கு ஒரு நிமிட அவகாசம்கூடத் தரவில்லை.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். சரி, அதுவும் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைக் கடந்து, தரை சென்டிமீட்டர் அளவு நகர்ந்தாலும் காட்டும். தரவு எல்லோருக்கும் இலவசம். அப்புறம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புருமாடின்யோ சரிந்த பிறகு பழைய ரேடார் படங்களை ஆராய்ந்தவர்களில் ஒரு குழு, முன்கூட்டியே கணித்திருக்கலாம் என்றது. விசாரணை நிபுணர் குழுவோ, சரிவுக்கு முன் தெளிவான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றது. ஆகவே வானத்திலிருந்து பார்ப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கரைக்குள் இருக்கும் குழாயும், தினமும் கரையடியில் நடந்து கசிவு பார்க்கும் ஆளும் கட்டாயம் வேண்டும்.

எச்சரிக்கையைக் கொண்டு சேர்ப்பது இன்று கடினமல்ல. ஒரு செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் சில நொடிகளில் செய்தி அனுப்பலாம். யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலிலும் சிக்காது. பேரிடர் எச்சரிக்கைக்காக இந்தியாவில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ அமைப்பு இருக்கிறது. எங்கள் அரசிடம் கேளுங்கள். செய்தி அந்த ஊர்க்காரர்கள் பேசும் பெம்பா மொழியில் இருக்கட்டும். “அபாயம்” என்று மட்டும் சொல்லாமல், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், எந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லட்டும். சைரனைச் சேறு எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவு வரம்பைத் தாண்டினால் மேலாளரின் அனுமதிக்குக் காத்திராமல் அது தானே ஒலிக்க வேண்டும்.

2023 கடைசியில் சிங்கோலாவின் செசெலி குழியில் மழையால் மண் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதைந்தபோது, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லப் பதிவேடு இல்லை. உரிமம் இல்லாமல் தோண்டியவர்கள் அவர்கள். ஆனாலும் எச்சரிக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் கொங்கோலா சுரங்கத்தை நடத்தும் வேதாந்தா குழுமத்தின் செம்பு ஆலைதான் எங்கள் தூத்துக்குடியில் இருந்தது. 2018 மே மாதம் அதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். காற்றிலும் நிலத்தடி நீரிலும் என்ன இருக்கிறது என்பது அங்கே ஆண்டுக்கணக்கில் சண்டையாகவே இருந்தது. அரசு சொல்லும் எண்ணை மக்கள் நம்பவில்லை, மக்கள் சொல்வதை ஆலை ஏற்கவில்லை. கொங்கோலா சுரங்கக் கழிவால் தங்கள் தண்ணீர் கெட்டது என்று வழக்குப் போட்ட உங்கள் சிங்கோலா கிராமத்தினர் 1,826 பேர், அதை இங்கிலாந்தில் நடத்தவே 2019-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. அந்தப் பாடு இனி எந்த ஊருக்கும் வரக்கூடாது.

1970 செப்டம்பரில் முஃபுலிராவில் மேலே தேங்கியிருந்த கழிவுக் குழம்பு சுரங்கத்துக்குள் பாய்ந்து 89 தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்தக் குழம்பு என்ன செய்யும் என்று உங்கள் நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024-இல் சுமார் 8.2 லட்சம் டன்னாக இருந்த செம்பு உற்பத்தியை 30 லட்சம் டன்னாக உயர்த்தப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்படியானால் கழிவும் அதே கணக்கில் பெருகும். புதிய அணை ஒவ்வொன்றுக்கும் உரிமம் தரும்போதே, அளவுகளைப் பொதுவில் வைப்பதை நிபந்தனையாகப் போடுங்கள். பழைய அணைகளில், நவம்பரில் மழை தொடங்கும் முன் ஒன்றிலாவது இதைத் தொடங்கிவிடுங்கள். சாம்பிஷியிலேயே தொடங்கலாம்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு மண்ணியல் பொறியாளர்