மீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சங்க விதிகளின்படி, முடிந்த ஆண்டின் செயல்பாடுகள் குறித்த அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

மாதாந்திரக் கூட்டங்கள் ஒரு மாதம் நீங்கலாக முறையாக நடைபெற்றன. மீன் நோய்கள் குறித்து ஓர் உரையும், உயிருணவு வளர்ப்பு குறித்து ஒரு செயல்விளக்கமும் நடந்தன. செடிப் பரிமாற்ற நாள் இரு முறை நடத்தப்பட்டது. நூலகத்துக்குப் புதிய நூல்கள் வாங்கப்படவில்லை. இரவல் சென்றவற்றுள் சில இன்னும் திரும்பவில்லை.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குவோர் நேரில் பார்த்துக் கற்கும் பொருட்டுச் சங்கக் கூடத்தில் அமைக்கப்பட்ட குறைந்த ஒளிச் செடித்தொட்டியாகும். தொட்டி அமைக்க ஏன் இத்தனை காலம், பல வாரங்கள் மீனே இல்லாமல் ஏன் வைத்திருந்தீர்கள், விளக்கு ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஆண்டு முழுவதும் என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவர்களில் பெரும்பாலோர் கூட்டங்களுக்கு வராதவர்கள் என்பதால், விளக்கத்தை இங்கே எழுத்தில் வைக்க வேண்டியது என் கடமையாகிறது.

புதிதாகத் தொடங்குவோர், ஜப்பானியரான தகாஷி அமானோ போன்றோர் அமைத்த தொட்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, அடித்தளம் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த அழகுக்குப் பின்னால் வலிமையான விளக்கு, உருளையிலிருந்து செலுத்தப்படும் கரியமில வாயு, அளந்து இடும் உரம், ஓயாத கத்தரிப்பு ஆகியவை உள்ளன. ஒளி கூடினால் செடியின் பசியும் கூடும். அந்தப் பசிக்கு ஈடாக வாயுவும் உரமும் கிடைக்காதபோது செடி தேங்கிப்போக, மிஞ்சிய ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஒளியைக் குறைத்தால் செடியின் தேவையும் குறைகிறது. மீன்கள் வெளிவிடும் மூச்சிலிருந்தும் மேலே உள்ள காற்றிலிருந்தும் நீரில் கரையும் கரியமில வாயுவே அதற்குப் போதும். ஆகவே மங்கலான விளக்கைச் சிக்கனத்துக்காக நான் தேர்ந்தெடுக்கவில்லை. தொடக்கநிலையில் உள்ளவர் செய்யக்கூடிய தவறுகளைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அது ஒன்றே என்பதால்தான் தேர்ந்தெடுத்தேன்.

இந்த அணுகுமுறை நானாகக் கண்டுபிடித்ததும் அன்று. இங்கிலாந்து வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரே கலத்தில் வைத்துக் கவனித்த சோதனையை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியபோது, அவற்றைத் தின்னும் குளத்து நத்தைகளை அவர் சேர்த்தார். அதன் பின் நீர் தெளிந்தது. வாயு உருளையும் மின்விளக்கும் இல்லாமல் அவர் பெற்ற அதே சமநிலையைத்தான் நாம் இன்று வடிகட்டியின் துணையோடு நாடுகிறோம்.

தொட்டி 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்டது; விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 65 லிட்டர் பிடிக்கும். நீரின் எடை மட்டுமே 60 கிலோவைத் தாண்டும், அதற்கு மேல் கல்லும் கண்ணாடியும் உண்டு என்பதால், நூலக மேசையிலேயே வைத்துவிடலாம் என்ற ஆலோசனையை ஏற்காமல், தனித் தாங்கி அமைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியை ஏற்றினோம். நேரடி வெயில் படும் சன்னலோரம் வேண்டாம் என்று முடிவு செய்ததும் பாசியைக் கருதியே. அடியில் 2 முதல் 3 மி.மீ. பருமனுள்ள சரளையைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, முன்புறம் தாழ்ந்தும் பின்புறம் உயர்ந்தும் இருக்குமாறு பரப்பினோம். சரளையில் சத்து ஏதும் இல்லை என்பதால், வேரால் உண்ணும் செடிகளின் அடியில் மட்டும் உர மாத்திரைகளைப் புதைத்தோம்.

செடிகளாக அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகரைன் வென்ட்டி, ஜாவா மாஸ், பின்புறத்துக்கு வாலிஸ்னேரியா ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டன. அனுபியாசுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் உள்ள படுக்கைத் தண்டைச் சரளைக்குள் புதைக்கக் கூடாது. மரத்துண்டிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட வேண்டும், வேர் தானாகப் பற்றிக்கொள்ளும். செடிகள் நட்ட அன்று இதைக் கூறியும், உறுப்பினர் ஒருவர் ஆர்வத்தில் ஓர் அனுபியாசைக் கீரை நாற்று நடுவதுபோல் ஆழ ஊன்றிவிட்டார். இரு வாரங்களில் தண்டு அழுகி இலைகள் கழன்று மிதந்தன. அந்தச் செடியை நான் எறிந்துவிடவில்லை. அழுகிய தண்டைக் குடுவையில் வைத்து, அடுத்த கூட்டத்தில் அனைவருக்கும் காட்டினேன்.

அடுத்து, மீன் இல்லாத வாரங்கள். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைச் செடி உணவாக்கிக்கொள்ளும், மிஞ்சியதை நீர் மாற்றிக் குறைக்கலாம். புதிய தொட்டியின் வடிகட்டியில் இந்த நுண்ணுயிரிகள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மீனைப் பலி கொடுத்து அவற்றை வளர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, நறுமணமோ சோப்போ கலவாத அம்மோனியாக் கரைசலை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்னும் அளவுக்குச் சேர்த்து, சோதனைக் குப்பிகளில் நிறம் பார்த்துக் குறித்து வந்தேன். அந்த அளவு அம்மோனியா 24 மணி நேரத்தில் முற்றிலும் மறைந்து, நைட்ரைட்டும் சுழி எனக் காட்டும்வரை மீன் விடுவதில்லை என்பதே விதி.

மூன்றாம் வாரத்தில் தொட்டி மிக மோசமாகத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியிலும் இலைகளிலும் பழுப்புப் படலம் படிந்தது. மரத்துண்டின் சாயம் இறங்கி நீர் தேநீர் நிறமாயிற்று. கிரிப்டோகரைன் இலைகள் கூழாகக் கரைந்தன. அம்மாதக் கூட்டத்தில் தொட்டியைக் கலைத்துவிடலாம் என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அதை நான் எதிர்த்தேன். என் எதிர்ப்பு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியுள்ளது. பழுப்புப் படலம் புதிய தொட்டிகளில் வந்து தானே போகும் டயாட்டம் என்னும் நுண்பாசி. மரச்சாயம் மீனுக்குத் தீங்கு செய்யாது. கிரிப்டோகரைன், இடம் மாறினால் இலையை உதிர்த்துவிட்டு வேரில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் செடி. அடுத்த மாதம் அதே வேர்களிலிருந்து புதிய இலைகள் சுருள் விரிந்து எழுந்ததைக் கூட்டத்துக்கு வந்திருந்த சிலர் பார்த்தார்கள். கலைக்கச் சொன்னவர்கள் அன்று வரவில்லை.

இங்கே வருத்தத்துடன் சில செய்திகளைப் பதிவு செய்கிறேன். தொட்டியைப் பராமரிக்கும் சுழற்சிப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். தொடர்ந்து வந்தவர்கள் இருவர். மற்ற வாரங்களில் நானே வந்தேன். விளக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரம் எரியுமாறு டைமரில் அமைத்திருந்தேன். பார்வையாளருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று எவரோ டைமரைக் கழற்றிவிட்டு, விளக்கை விடிய விடிய எரியவிட்டிருக்கிறார்கள். அதை நான் அறிவதற்குள் அனுபியாஸ் இலை விளிம்புகளில் பாசி ஏறிவிட்டது. அந்த இலைகளை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்கு ஓர் இலை விடுவதே அரிதான செடியில் ஓர் இலையை வெட்டுவது சிறிய இழப்பன்று.

இதைவிடப் பெரியது தொட்டியின் வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு நேர்ந்தது. நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், உறுப்பினர் ஒருவர் அதைக் குழாய் நீரில் பிழிந்து பிழிந்து புதியதுபோல் வெளுக்கக் கழுவிவிட்டார். குழாய் நீரிலுள்ள குளோரின், ஐந்து வாரங்களாக வளர்த்த நுண்ணுயிரிகளைக் கொன்றது. நைட்ரைட் மீண்டும் ஏறியது; மீன் விடும் நாள் தள்ளிப்போயிற்று. ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரிலேயே இரண்டு முறை அலசினால் போதும் என்னும் குறிப்பு அப்போது சுவரில் ஒட்டப்பட்டிருந்தது, இப்போதும் இருக்கிறது. குளோரினைப் போக்க நீரை ஓரிரவு திறந்து வைத்தாலே போதும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே நிலவுகிறது. குளோரின் அவ்வாறு வெளியேறக்கூடும், கிருமி நீக்கத்துக்காகச் சில இடங்களில் குழாய் நீரில் சேர்க்கப்படும் குளோரமைன் வெளியேறாது. எனவே நீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நீர் பதப்படுத்தும் மருந்தைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு, சோதனை இரண்டு நாள்கள் தொடர்ந்து சுழி காட்டிய பின், முதலில் ஆறு செர்ரி பார்ப் மீன்கள் விடப்பட்டன. அவையும் கிரிப்டோகரைன் வென்ட்டியும் இலங்கை நீரோடைகளைத் தாயகமாகக் கொண்டவை. ஒரே தொட்டியில் அவற்றைச் சேர்த்து வைத்ததில் எனக்குத் தனி மனநிறைவு உண்டு. இதுவரை ஒரு மீன்கூட இறக்கவில்லை. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீர் மாற்றப்படுகிறது. ஆண் மீன்கள் நன்கு சிவந்து, வாலிஸ்னேரியாவின் நாடா இலைகளுக்கிடையே ஒன்றையொன்று துரத்துகின்றன. கூடத்துக்கு வந்தவர்களில் மூவர் இதைப் பார்த்துத் தம் வீடுகளில் இதே முறையில் தொட்டி அமைத்திருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொறுத்தவரை, பொருளாளர் விவரங்களைத் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக உள்ளன என்றும், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு என்றும் மட்டும் கூறுகிறேன். குறைவுக்குக் காரணம் தொட்டிச் செலவு என்று சிலர் கருதுவதாக அறிகிறேன். தொட்டி ஒரு குடும்பத்தார் அளித்த நன்கொடை. செடிகளில் பெரும்பகுதி பரிமாற்ற நாளில் கிடைத்தவை. குறைவுக்கு உண்மையான காரணம் நிலுவையில் உள்ள சந்தாக்களே. உறுப்பினர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. அவர்களுள் சிலர் சென்ற ஆண்டுக்கும் செலுத்தவில்லை. நைட்ரைட் உச்சத்தில் இருந்த வாரத்தில் சோதனைக் கரைசல் தீர்ந்து, புதிது வாங்கச் சங்கத்தில் பணமில்லாமல் நான் என் கையிலிருந்து வாங்கினேன். அத்தொகையைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. எனினும், பதிவில் இருக்கட்டும்.

கூட்டங்களுக்கு இடமளித்து உதவியவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்குத் தணிக்கை செய்தவருக்கும், பட்டியலில் பெயர் கொடுத்துத் தவறாமல் வந்த அந்த இரு உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் இறால்களுக்கென ஒரு சிறு தொட்டியும், தாவர நாற்றுகளுக்கென ஒரு தொட்டியும் அமைக்கும் எண்ணம் உள்ளது. ஆனால் இருக்கும் தொட்டிக்கே ஆள் இல்லாதபோது மேலும் இரண்டைத் தொடங்கக் கோருவது முறையாகாது என்பதால், இதைத் தீர்மானமாக முன்மொழியவில்லை. மீண்டும் இப்பொறுப்பை ஏற்குமாறு தலைவர் அன்புடன் கேட்டிருக்கிறார். பதிலை இன்று கூட்டம் முடிந்த பின் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். வரும் ஆண்டின் நீர் மாற்றும் பட்டியல், தொட்டியின் அருகே பேனாவுடன் வைக்கப்பட்டுள்ளது. முதல் நான்கு வாரங்களுக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வாரத்திலிருந்து கட்டங்கள் காலியாக உள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்